திருநீற்றைப் பார்த்துப் பிடித்த ஆள்

மலாய் மண்ணுக்கு மெர்டேக்கா என்னும் சுதந்திரம் வந்து கொடியே மாறிவிட்டது. நகராண்மைக் கழகத்தில் ராஜரத்தினத்தின் குமாஸ்தா வேலை மட்டும் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அந்த நேரம் பார்த்தா கழகத்து வெள்ளைக்காரத் துரை அவனைத் தமிழ் மொழிபெயர்க்கக் கூப்பிட வேண்டும்?

பெயரையும் நெற்றித் திருநீற்றையும் பார்த்துக் கூப்பிட்டுவிட்டார், மகராசன். தலைமுறைகளாக மலாய்க்காரர்களோடு கலந்துபோன அவனைப் போன்ற காஜா பேராங் வட்டாரத்துச் செட்டிகள் வீட்டில் பேசுவது மலாய் என்று அவருக்கு யார் சொல்வது? ராஜரத்தினத்துக்குத் தெரிந்த தமிழ் சாமி, பொங்கல், அக்கா என்று ஒரு கைப்பிடிதான். தெரியாது என்றால் வேலை போய்விடுமே என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டு போய் நின்றான்.

எதிரே பால்காரி பூங்காவனம். தெருவில் திரிந்ததென்று கழகத்து ஆட்கள் அவள் மாட்டைப் பிடித்துப் போயிருந்தார்கள். திருப்பிக் கேட்டு மனுப் போட்டிருந்தாள். இன்று தோற்றால் மாடு ஏலத்துக்குப் போய்விடும்.

திருநீற்றைக் கண்டதும் அவளுக்கு உயிர் வந்தது.

"ரோட்டுல திரியல தம்பி. என் வாசல்லதான் கட்டியிருந்தேன். கயித்த அறுத்து லோரில ஏத்திட்டாங்க. கன்னுக்குட்டி கத்திக்கிட்டே கெடக்கு. நீதான் எடுத்துச் சொல்லணும்."

அவனுக்குப் புரிந்தது ரோடும் லோரியும்தான். மலாயில் திருப்பிக் கேட்கலாம். கேட்டால் துரைக்குக் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"என்ன சொல்கிறாள்?" துரை பேனாவோடு காத்திருந்தார்.

"மாடு ரோட்டில் நின்றதாம், ஐயா" என்று உளறிவிட்டான்.

துரை அப்படியே எழுதினார். அவ்வளவுதான் விசாரணை. தாளையும் மைப்பெட்டியையும் அவள் பக்கம் தள்ளினார். பூங்காவனம் ராஜரத்தினத்தைப் பார்த்து நன்றியோடு கும்பிட்டுவிட்டு, கட்டைவிரலை மையில் அழுத்தினாள்.

அந்தக் கும்பிடுதான் அவனைக் கொன்றது. தாளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"எனக்குத் தமிழ் தெரியாது, ஐயா. இது அவர் சொன்னதல்ல. நானாகச் சொன்னது."

துரையின் முகம் சிவந்தது. தாளைப் பிடுங்கிக் குறுக்கே கோடு கிழித்தார். தமிழ் தெரிந்த ஆள் வந்து மறுபடி விசாரிக்கும்வரை மாட்டை விற்கக்கூடாது என்று எழுதினார். பிறகு தலை நிமிராமலே, "நீ மேசையைக் காலி செய்" என்றார்.

வெளியே வந்ததும் நடந்ததை அவளிடம் மலாயில் சொன்னான். மை காயாத விரலோடு நின்ற அவள், பால் விற்கப் பழகிய அரைகுறை மலாயில் கேட்டாள்.

"மாடு வந்துருமா தம்பி?"

"தெரியாது, அக்கா. ஆனா அடுத்த தடவ நீங்க சொல்றதத்தான் எழுதுவாங்க."

சொல்லிவிட்டான். வேலை போனதை வீட்டில் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.