முதற் பக்கத்தில் பதினொரு நிமிடம்

காலை ஒன்பது பத்துக்கு ஸஹ்றா தன் தவறைக் கண்டுபிடித்தாள். ஒன்பது பன்னிரண்டுக்கு அதை மறைக்கத் தொடங்கிவிட்டாள்.

மன்னார் நகரில் நௌஷாட்டின் சோலர் கடையில் அவளுக்கு வேலை. வீட்டுக் கூரைக்குத் தகடு, தோட்டத்துக்குப் பம்பு, மீனவர் சங்கத்துக்கு ஐஸ் அறை என்று யார் விலை கேட்டாலும் கொட்டேஷன் தயாரிப்பது அவள்தான். ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம் பிடிக்கும். போன மாதம் அந்தத் தொல்லைக்கு ஒரு முடிவு கட்டினாள். வாடிக்கையாளர் விபரமெல்லாம் இணையத்தில் ஓர் அட்டவணையில் இருந்தது. கொட்டேஷன் போடும் மென்பொருள் வேறாக இருந்தது. இரண்டையும் இணைக்கும் செயலி ஒன்றை யூடியூப் பார்த்துப் பழகினாள். நிரல் எதுவும் எழுதத் தேவையில்லை. இந்தக் கட்டத்தில் இருப்பது அந்தக் கட்டத்துக்குப் போகட்டும் என்று கோடு இழுத்துவிட்டால் சரி. கொட்டேஷன் தானாக உருவாகும். அதைத் திறக்கும் இணைப்பு தானாக வாடிக்கையாளரின் வட்ஸ்அப்புக்குப் போகும். அவர் எந்தப் பக்கத்தை எத்தனை நிமிடம் பார்த்தார் என்பதையும் மென்பொருள் சொல்லிவிடும்.

"இனி நீர் கதிரையில இருந்து நித்திரை கொள்ளலாம்," என்றான் நௌஷாட்.

"நித்திரைக்கும் சம்பளம் தருவீங்களோ நானா?"

சிக்கல் வேறிடத்தில் வந்தது. மென்பொருள் ஆட்களைப் பெயரால்தான் அடையாளம் கண்டது. தலைமன்னாரில் இரண்டு அலெக்ஸாண்டர். இருவரையும் அது ஒருவராக்கி, இரண்டு தகடு கேட்டவருக்கு எட்டுத் தகடும் பம்பும் எழுதி வைத்தது. வங்காலையில் மூன்று சிங்கராசா. அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் இலக்கம் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். அது அவளுக்குத் தோன்றவில்லை. அட்டவணையில் 'அடையாளம்' என்று இன்னொரு பத்தி இருந்தது. அதைப் பெயருக்கு முன்னால் சேர்த்துவிட்டாள்.

அந்தப் பத்தி தகடு பூட்டப் போகும் றொட்னிக்காக உண்டாக்கியது. றொட்னி வங்காலைக்காரன். "வீட்டு இலக்கம் சொல்லி எங்கட ஊரில வீடு பிடிக்கேலாது தங்கச்சி. பட்டத்தைச் சொன்னாத்தான் ஆக்கள் கையைக் காட்டுவினம்," என்றான். ஒவ்வொருவருடைய பட்டப்பெயரையும் அவன் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். பல்லி அலெக்ஸாண்டர். ரேடியோ பெனடிக்ற். வலைவெட்டி சிங்கராசா.

"அதென்ன வலைவெட்டி?" என்று அன்று கேட்டாள்.

"முப்பது வருசத்துக்கு முன்னம் கடலுக்க ஆரோ ஒராளின்ர வலையை வெட்டிப்போட்டாராம். முகத்துக்கு நேர ஒருத்தரும் சொல்லமாட்டினம். அந்தாளுக்கே தெரியுமோ தெரியாது."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தட்டினாள்.

நேற்றுப் பின்னேரம் புதிய இணைப்பைச் சோதிக்கத் தன் பெயரையே போட்டுப் பார்த்தாள். அவளுக்குப் பட்டப்பெயர் இல்லை. எல்லாம் ஒழுங்காக வந்தது. இன்று எட்டரைக்கு, தேங்கிக் கிடந்த இருபத்துமூன்று கொட்டேஷன்களும் ஒன்றாகப் போயின. ஒன்பது பத்துக்கு எதேச்சையாக ஒன்றைத் திறந்தாள். முதற் பக்கத்தில், கடையின் சூரியப் படத்துக்குக் கீழே, பெரிய எழுத்தில்: 'திரு. பல்லி அலெக்ஸாண்டர் அவர்களுக்கு.'



அனுப்பிய பிறகும் பக்கத்தை மாற்றலாம் என்பதுதான் அந்த மென்பொருளின் வசதி. அடையாளப் பத்தியிலிருந்து இழுத்த கோட்டை அழித்தாள். பெயர்களைப் பழையபடி ஆக்கினாள். யாராவது திறந்து பார்த்தார்களா என்று பட்டியலை மேலிருந்து கீழே இறக்கினாள். இருபத்திரண்டு பேர் திறக்கவில்லை. ஒருவர் திறந்திருந்தார். வலைவெட்டி சிங்கராசா. முதற் பக்கம் பதினொரு நிமிடம். மற்றப் பக்கங்கள் பூச்சியம்.

அவருடைய பக்கமும் இப்போது மாறியிருந்தது. இனி யார் திறந்தாலும் 'திரு. அ. சிங்கராசா அவர்களுக்கு' என்றுதான் இருக்கும். ஒருவருக்கும் சொல்லவில்லை. தேநீர் ஊற்றிக் குடித்தாள். பதினொரு நிமிடம் ஒரு மனிதர் ஒரே ஒரு சொல்லை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கத் தொடங்கி, நினைப்பதை நிறுத்தினாள்.

பத்தரைக்கு ஸ்கூட்டி ஒன்று கடைவாசலில் நின்றது. ஓட்டி வந்தவள் நிறஞ்சலா, ஆசிரியை. பின்னால் இருந்து இறங்கியவர் அவளுடைய அப்பா சிங்கராசா. மீனவர் சங்கத் தலைவர். சங்கத்து ஐஸ் அறைக்குத்தான் விலை கேட்டிருந்தார்.

"வாங்கோ அண்ணன், இருங்கோ," என்றான் நௌஷாட்.

அவர் இருக்கவில்லை. "தம்பி, நீங்கள் அனுப்பின கடிதத்தில என்ர பேரோட ஒரு சொல் கிடந்தது. அது ஆர் போட்டது?"

"என்ன சொல் அண்ணன்?"

"ஒரு சொல்."

"அதுதான், என்ன சொல்?"

நௌஷாட் பெரிய திரையில் கொட்டேஷனைத் திறந்தான். திரு. அ. சிங்கராசா அவர்களுக்கு. பக்கம் பக்கமாகத் தள்ளினான். தகடு, பற்றறி, உத்தரவாதம். "ஒண்டுமில்லையே அண்ணன்."

சிங்கராசா தன் கைபேசியை எடுத்து இணைப்பைத் திறந்தார். கண்ணாடியைக் கழற்றி, சேர்ட்டின் ஓரத்தில் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"காலமை இருந்தது."

"அப்பா," என்றாள் நிறஞ்சலா மெதுவாக. பிறகு நௌஷாட்டிடம், குரலைத் தாழ்த்தி, "குறை நினைக்காதேங்கோ. இப்ப கொஞ்ச நாளா இப்பிடித்தான். போன கிழமை மருந்தை ரெண்டு தரம் குடிச்சிட்டார். தலைவர் வேலையை விடச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறன். வாற ஞாயிறு கூட்டத்தில சொல்லிப்போட்டு விலகினா நல்லது," என்றாள்.

தாழ்த்திய குரல் கடை முழுவதற்கும் கேட்டது.

"வயசு போனா எல்லாருக்கும் உள்ளதுதானே," என்றான் நௌஷாட். "எங்கட வாப்பாவும் இப்பிடித்தான், இல்லாத ஆக்களோட கதைப்பார்."

சிங்கராசா இன்னொரு தடவை கண்ணாடியைத் துடைத்தார். திரையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"அப்ப எனக்குத்தான் பிழை போல," என்றார்.

ஸஹ்றா கதிரையை விட்டு எழும்பினாள். எழும்பிய பிறகுதான், தான் பேசப் போகிறாள் என்பது அவளுக்கே தெரிந்தது.

"ஐயா, நீங்க பாத்தது சரி. இருந்தது. நான்தான் ஒன்பது மணிக்குப் பிறகு மாத்தினன்."

நௌஷாட் அவளைப் பார்த்த பார்வையை அவள் பார்க்கவில்லை. "அது கம்பியூட்டர்ல ஏதோ பிழை அண்ணன்," என்று அவன் அவசரமாக இடையில் விழுந்தான். "ரெண்டு சொவ்ற்வெயாரை இணைச்சது. அது தானாவே..."

"கம்பியூட்டருக்கு வங்காலைக் கதை எப்பிடித் தம்பி தெரியும்?"



"நான்தான் எழுதி வைச்சனான் ஐயா," என்றாள் ஸஹ்றா. "வீட்டை அடையாளம் பிடிக்க. அது உங்களுக்கு வரும் எண்டு நினைக்கேல்ல." சொல்லும்போதே அதன் கேவலம் அவளுக்கு உறைத்தது. அவருக்கு வராத வரையில் அது சரியாக இருந்தது என்றுதான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆர் சொன்னது உமக்கு?"

அவள் சொல்லவில்லை. வாசலில் ஏணியை லொறியில் கட்டிக்கொண்டிருந்த றொட்னி, கட்டிய முடிச்சையே அவிழ்த்துத் திரும்பவும் கட்டத் தொடங்கினான். சிங்கராசா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஸஹ்றாவிடம் திரும்பினார்.

"என்ன சொல் எண்டு இவளுக்குச் சொல்லு பிள்ள. எனக்கு மூளை பிசகேல்ல எண்டு இவளுக்குத் தெரியவேணும்."

"வேண்டாம் ஐயா."

"சொல்லு."

ஸஹ்றா சொன்னாள். கடைக்குள் அந்தச் சொல், எழுதியபோது இருந்ததைவிடச் சின்னதாகவும் அசிங்கமாகவும் கேட்டது.

நிறஞ்சலா அதிரவில்லை. என்ன அர்த்தம் என்று கேட்கவும் இல்லை. தோளில் கிடந்த கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள். அந்த அமைதியை முதலில் விளங்கிக்கொண்டவர் அவளுடைய அப்பாதான்.

"உனக்குத் தெரியுமோ?"

"ஆறாம் வகுப்பில பெடியள் சொன்னவங்கள், அப்பா."

"அப்ப காலமை நான் ஒரு சொல் எண்டு சொல்லேக்க, இதுதான் எண்டு விளங்கினதோ?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "விளங்கினது. உங்கட கண்ணில பிழையா இருக்கட்டும் எண்டு நினைச்சன்."

நௌஷாட் திரையை அணைத்தான். அணைத்ததால் என்ன ஆகப்போகிறது என்று அவனுக்கும் தெரிந்திருக்கும்.

"இருபது வருசமாத் தெரிஞ்சும்," என்றார் சிங்கராசா, "வெட்டினனீங்களோ இல்லையோ எண்டு நீ ஒருநாளும் என்னட்டக் கேக்கேல்ல."

மகளிடம்தான் சொன்னார். ஆனால் ஸஹ்றாவின் முகம் எரிந்தது. அவளும் கேட்டிருக்கவில்லை. வலைவெட்டி என்றால் என்ன என்று கேட்டாள். உண்மையா என்று கேட்கவில்லை.

"ஐயா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"ஓம்," என்றார் அவர். மன்னித்தேன் என்பதாக அது இல்லை. கேட்டது காதில் விழுந்தது என்பதாக மட்டும் இருந்தது. "உண்மையைச் சொன்னீர். அந்தளவு போதும். ஐஸ் அறையை நாங்கள் வேற இடத்தில பாக்கிறம் தம்பி."

"அண்ணன், கொஞ்சம் இருங்கோ," என்று நௌஷாட் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தான். அதற்குள் அவர் படியிறங்கிவிட்டார். றொட்னி தலையைத் தூக்காமல் வழி விட்டான்.

நிறஞ்சலா ஸ்கூட்டியில் ஏறி முடுக்கிக்கொண்டு காத்திருந்தாள். அவர் ஏறவில்லை. பஸ் நிலையப் பக்கமாக நடக்கத் தொடங்கினார். அவள் இரண்டு தடவை "அப்பா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு என்ஜினை நிறுத்தினாள். இறங்கினாள். ஸ்கூட்டியைக் கையால் தள்ளிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்து, ஏதோ கேட்டாள்.

கடைவாசலில் இருந்து பார்த்த ஸஹ்றாவுக்கு, மகள் கேட்டது என்னவென்று காதில் விழவில்லை. அவர் நடந்துகொண்டே இருந்தார். நாலைந்து கடை தாண்டிய பிறகு நின்றார். வலது கையைத் தூக்கி, கடல் இருக்கும் பக்கத்தைக் காட்டி, என்னவோ சொல்லத் தொடங்கினார். நிறஞ்சலா ஸ்கூட்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கத் தனக்கு உரிமையில்லை என்று ஸஹ்றாவுக்குப் பட்டது. உள்ளே திரும்பினாள்.