மூடி இல்லாத தொட்டி

குழாய்க்காரருக்கு வேலைக்குக் குறைவே கிடையாது. அடுத்த வீட்டுத் தொட்டியில் மூடி கொஞ்சம் கோணலாக இருந்தாலும் மனுஷனுக்குப் பொறுக்காது. ஆனால் தன் வீட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு மூடி உடைந்து மாதக்கணக்காகிவிட்டது. ஒரு ஓட்டைத் தகரத்தைச் சாத்தி வைத்திருந்தார். ஊருக்குத்தானே உபதேசம்!

"ஏங்க, நம்ம தொட்டிக்கும் ஒரு மூடி போடக் கூடாதா?" என்று மனைவி கேட்டாள்.

"உன் புருஷன் வீட்டு வேலை எங்கடி ஓடிப்போகுது? போட்டுடலாம்" என்று சிரித்தார்.

கல்யாணமாகி ஆறு வருஷம் ஏங்கிய பிறகு அவள் முழுகாமல் இருந்தாள். நாலாவது மாதம். ஒரு நாள் காய்ச்சல் அடித்தது. "வயித்துல பிள்ளை இருந்தா உடம்பு சூடாத்தான் இருக்கும்" என்று கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மறுநாளும் அதே பேச்சுதான். மூன்றாம் நாள் அவளால் எழுந்து நிற்கவே முடியவில்லை. உதிரப்போக்கும் கண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவள் பிழைத்தாள். பிள்ளை தங்கவில்லை.

"டெங்கு காய்ச்சல். கர்ப்பிணிக்கு இது வந்தா கருவுக்கும் ஆபத்து. காப்பாத்தியிருப்போம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா முதல் நாளே வந்திருந்தா முயற்சியாவது பண்ணியிருக்கலாமே" என்றார் டாக்டரம்மா.

வீடு திரும்பியதும் குழாய்க்காரர் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பாய்ந்தார். "உங்க வாசல் சாக்கடையாலதான்யா என் பிள்ளை போச்சு!" பெரியவர் பாவம், சாக்கடையை எட்டிப் பார்த்தார்.

மனைவிதான் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "அந்தக் கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை வைக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்களே, காதுல விழலையா? மாடிக்குப் போய்ப் பாருங்க."

போனார். தகரத்தை நகர்த்தினார். தெளிந்த தண்ணீரில் குட்டிப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. ஐயோ என்றாகிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டு இறங்கி வந்தார்.

"என்னைத் திட்டிடு" என்றார் மனைவியிடம்.

"திட்டினா பிள்ளை வருமா? பக்கத்து வீட்டு மருமகளும் மாசமா இருக்கா. நம்ம தொட்டியில பொறந்த கொசு அந்த வீட்டுக்கும்தான் போகும். போய்ச் சொல்லுங்க."

காலையில் கத்திய வாசலில் மறுபடி போய் நிற்க அவருக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. இருந்தும் கதவைத் தட்டினார். பெரியவரும் மருமகளும் வந்து நின்றார்கள்.

"ஐயா, என்னை மன்னிச்சிடுங்க. கொசு உங்க சாக்கடையில இருந்து வரல, என் தொட்டியில இருந்துதான் வந்தது" என்றார். பிறகு அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "தாயி, வீட்டுல தண்ணியைத் திறந்து வைக்காதீங்க. உடம்பு லேசா சுட்டாலும் வெறும் சூடுன்னு எவன் சொன்னாலும் கேக்காதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. அப்படிச் சொன்ன முட்டாள் நான்தான்மா."