அட்டைக்கு எடுத்த படம்

முகாமில் அவளைப் படக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளம், போர், நிலநடுக்கம் என்று எங்கே எது நடந்தாலும் ஒரு நிவாரண அமைப்பு அவளைக் கேமராவோடு அனுப்பி வைக்கும். பதினான்கு வருடங்களாக அதுதான் வேலை. அந்த முகாமுக்கு அது மூன்றாவது பயணம் என்பதால் அங்குள்ளவர்களின் பேச்சும் அவளுக்கு ஓரளவு நாக்கில் படிந்திருந்தது.

வந்த ஐந்தாம் நாள் காலையில் தலைமை அலுவலகத்து விளம்பரப் பொறுப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"முந்நூறு படம் அனுப்பியிருக்கீங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரைப் பார்த்தாலும் பரிதாபமே வரலையே. ஒருத்தி தையல் மெஷின் முன்னாடி உட்கார்ந்து சிரிக்கிறா. ஒருத்தர் ஜாலியா முடி வெட்டிக்கிட்டு இருக்காரு."

"அவங்க அப்படித்தான் சார் இருக்காங்க. நான் என்ன, கிள்ளி விட்டா அழ வைக்க முடியும்?"

"கோபப்படாதீங்க. பார்க்கிறவங்க மனசு உருகணும். அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது. கேமராவை மாட்டிக்கொண்டு, யாரை அழ வைப்பது என்ற எரிச்சலோடு வெளியே வந்தாள்.

மூன்றாவது கொட்டகையில் தையல்காரி இருந்தாள். சிரிக்கிறா என்று அவர் குறைப்பட்டுக்கொண்டது இவளைத்தான். மரப்பெட்டிகளை அடுக்கி மேஜையாக்கி, அதன்மேல் மெஷினை வைத்து, கிழிந்த கூடாரத் துணியில் பை தைத்துக்கொண்டிருந்தாள். கேமராவைப் பார்த்ததும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"படக்காரம்மா, எங்களை இன்னும் எத்தனை படம்தான் எடுப்பீங்க? எனக்கு உதவுற மாதிரி ஒண்ணு எடுக்கக் கூடாதா?"

விஷயம் இதுதான். பதிவு அலுவலகத்தில் கேமரா பழுதாகி இரண்டு மாதம் ஆகிறது. படம் இல்லாமல் அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாத குடும்பத்துக்கு மருந்தகத்தில் அவசரத்துக்கு மட்டும்தான் மருந்து. தையல்காரியின் மாமியாருக்குத் தினமும் சர்க்கரைக்கு ஊசி போட வேண்டும்.

"அந்த ஊசிக்காக நான் தினம் வரிசையில நின்னு கெஞ்சிக்கிட்டு வரேன். வீட்டுக்கு வந்தா, 'ஏன் இவ்வளவு நேரம், எவகூட வாயடிச்சுக்கிட்டு நின்னே'ன்னு கேக்குது அந்தக் கிழம்" என்று சொல்லிவிட்டு அவளே வாய்விட்டுச் சிரித்தாள்.

படக்காரிக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த இடத்தில் ஆயிரக்கணக்கில் படம் எடுத்திருக்கிறாள். இவர்களுக்கு வேண்டியது விரலளவு படம் ஒன்று.

நேரே பதிவு அலுவலகத்துக்குப் போனாள். சட்டைப் பையில் மூன்று பேனா செருகிய எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"கேமரா ரிப்பேர். மேலே எழுதிப் போட்டிருக்கோம்."

"நான் எடுத்துத் தரேன். என்கிட்ட சின்ன பிரிண்டர்கூட இருக்கு."

எழுத்தர் இப்போது நிமிர்ந்தார். யோசித்தார். இழுப்பறையிலிருந்து இரண்டு பக்க விதித்தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும். இரண்டு காதும் தெரிய வேண்டும். நிழல் கூடாது. வாய் மூடியிருக்க வேண்டும்.

"இதுல ஒண்ணு குறைஞ்சாலும் வாங்க மாட்டேன்."

இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினாள். நாற்பத்து மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். காற்று விரிப்பைத் தூக்கியது, மேகம் வந்து வெளிச்சத்தைத் தின்றது, ஒரு பெரியவர் இமைக்காமல் இருக்கப் பாடுபட்டுக் கண்ணில் நீர் முட்ட நின்றார். தையல்காரியோடுதான் பெரும்பாடு. வாயை மூடு என்றால் கன்னம் உப்பும், அடுத்த நொடி பொத்துக்கொண்டு சிரிப்பு வரும். பத்தாவது தடவை படக்காரி பொறுமை இழந்து, "மருந்து வேணுமா வேண்டாமா?" என்று கத்தினாள். தையல்காரியின் முகம் சட்டென்று இறுகியது. அந்த நொடியில் படம் விழுந்தது.

மறுநாள் எழுத்தர் அளவுகோலை வைத்து அளந்து பதினொன்றைத் திருப்பிக் கொடுத்தார். "இதுல காது பாதிதான் தெரியுது. இதுல கழுத்தோரம் நிழல்." அவரோடு சண்டை போட்டுப் பார்த்தாள். சுவரோடு மோதிய கதைதான். பதினொரு பேரையும் தேடிப் பிடித்து மறுபடி எடுத்தாள். மூன்று நாள் போனது. அதற்குள் முகாமைப் பார்க்க வந்த முக்கிய விருந்தினர்கள் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டார்கள். அவர்களைப் படமெடுக்க ஆளில்லை என்று பொறுப்பாளர் காய்ச்சி எடுத்தார். ஆனால் நாற்பத்து மூன்று பேருக்கும் அட்டை வந்தது.

எடுக்கிற படம் எல்லாவற்றையும் அன்றன்றே அலுவலகத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். இவற்றைத் தனியாக வைத்து, 'அட்டைக்கு மட்டும். வெளியிடக் கூடாது' என்று எழுதித்தான் அனுப்பினாள்.

ஊருக்குத் திரும்பி ஆறு வாரம் கழித்து, ஒருநாள் மதியம் அவளுடைய அக்கா கூப்பிட்டாள். குரலில் குதூகலம்.

"ஏய், பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன்டி. போஸ்டர்ல உன் படம்! இவ்வளவு பெரிசு! கீழே உன் பேரு போட்டிருக்கு. பக்கத்துல நின்ன பொம்பளைகிட்ட எல்லாம் என் தங்கச்சி எடுத்ததுன்னு சொன்னேன். ஒருத்தி கண்ணைத் துடைச்சுக்கிட்டா."

"எந்தப் படம் அக்கா?"

அக்கா அனுப்பிய படத்தைத் திறந்தாள். தையல்காரி. இறுகிய வாய், வெறித்த கண். வெள்ளை விரிப்பைக் கறுப்பாக மாற்றியிருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில்: 'இவள் சிரிப்பை மறந்து பல வருடங்கள் ஆகின்றன.'

உடனே பொறுப்பாளரைக் கூப்பிட்டாள்.

"வெளியிடக் கூடாதுன்னு எழுதித்தானே அனுப்பினேன்?"

"அப்படியா? யாரோ கவனிக்காம விட்டிருப்பாங்க. ஆனா சொல்றேன், உங்க வேலையிலேயே இதுதான் பெஸ்ட். என்ன வரவேற்பு தெரியுமா?"

"அது பொய் சார். அவ சிரிக்கக் கூடாதுன்னு நான் கத்தினதால வந்த மூஞ்சி அது."

"அது பார்க்கிறவங்களுக்குத் தெரியாதே."

நாலு நாள் மின்னஞ்சல் அனுப்பினாள். சட்டப் பிரிவைக் கேளுங்கள் என்றார்கள். சட்டப் பிரிவு விளம்பரப் பிரிவைக் கேட்கச் சொன்னது. கடைசியில் முகாமின் பதிவு அலுவலகத்துக்கே பேசினாள். எழுத்தர் முழுவதும் கேட்டார். பிறகு, இருங்க என்று சொல்லிவிட்டு, ஆளனுப்பித் தையல்காரியை வரவழைத்து அவள் கையில் தொலைபேசியைக் கொடுத்தார்.

படக்காரி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"சிரிப்பை மறந்துட்டேனா? நேத்துகூட சிரிச்சேனே" என்றாள் தையல்காரி. குரலில் விளையாட்டு இல்லை. "எங்க சித்தப்பா பசங்க உங்க ஊர்லதான் இருக்காங்க. அவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க? உங்களை நம்பித்தானே உக்காந்தேன் படக்காரம்மா?"

"தப்புதான். எப்படியாவது கழட்ட வைக்கிறேன்."

"கழட்டுங்க."

தொலைபேசி எழுத்தரிடம் திரும்பியது. "விதித்தாள்ல இரண்டாம் பக்கம் படிச்சீங்களா?" என்று கேட்டார். அவள் படிக்கவில்லை. அட்டைக்கு எடுத்த படத்தை வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று அங்கே இருந்ததாம். அன்றே தையல்காரியிடம் புகார் எழுதி வாங்கி, முத்திரை குத்தி, அமைப்புக்கும் அது முகாமில் வேலை செய்ய அனுமதி கொடுத்த அரசுத் துறைக்கும் நகல் அனுப்பிவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் சுவரொட்டிகள் இறங்கின. பொறுப்பாளர் ஒரே ஒரு தடவை பேசினார். "சின்ன விஷயத்தை ஊதிப் பெரிசாக்கிட்டீங்க." அடுத்த பயணத்துக்கு வேறு ஒருவர் போனார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கடிதம் வரவேயில்லை.

சுவரொட்டி இறங்கிய செய்தியைச் சொல்லத் தையல்காரியைக் கூப்பிட்டபோது, மெஷின் ஓடும் சத்தம் நிற்காமல் கேட்டது.

"கழட்டிட்டாங்க. நானே போய்ப் பார்த்தேன்."

"சரி."

"கோபமா இருக்கியா?"

"வேலை இருக்கு படக்காரம்மா. நாளைக்கு முப்பது பை குடுக்கணும். வைக்கிறேன்."

வைத்துவிட்டாள். மன்னித்தாளா, இல்லையா என்று கேட்க இனி ஒரு சாக்கும் இல்லை. படக்காரி இன்னொரு அமைப்புக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தாள். படத்தில் இருப்பவரைக் கேட்காமல் எதையும் வெளியிடக் கூடாது என்று முதல் வரியிலேயே எழுதினாள். இப்படி எழுதினால் யார் வேலை கொடுப்பார்கள் என்று அக்கா திட்டினாள். திட்டிக்கொண்டே எழுத்துப் பிழையையும் திருத்திக் கொடுத்தாள்.