ஏழாவது படத்தில் ஒரு கால்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு விளம்பரத்திலிருந்து வந்தது. வீடு விற்பனைக்கு. பதினொரு படங்கள். கூடம், சமையலறை, இரண்டு படுக்கையறைகள், பின்பக்கம் ஓர் எலுமிச்சை மரம். எல்லாப் படத்திலும் கழுவித் துடைத்த வெறுமை. ஏழாவது படத்தில் மட்டும், கதவோரத்தில், ரப்பர் செருப்பு போட்ட ஒரு பாதம். வயதான பெண்ணின் பாதம். கணுக்காலுக்கு மேல் கதவு மறைத்திருந்தது.

வீட்டுப் படம் எடுப்பவர்கள் இப்படிக் கோட்டை விடுவதில்லை. அந்தக் கால் யாருடையது என்று யோசிக்க ஆரம்பித்தேன், கதை பிடித்துக்கொண்டது. (நான் எதற்கு வீட்டு விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.)

2

முதல் தொடக்கம்: "விடியற்காலையில் படக்காரன் கேமரா முக்காலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு—"

வேண்டாம். விடியற்காலையில் யாரும் வீட்டைப் படம் எடுப்பதில்லை. பத்து மணிக்கு மேல், வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழும்போதுதான் எடுப்பார்கள்.

இரண்டாவது: "சொந்த வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் உள்ள வித்தியாசம்—"

இது கட்டுரை. [அடித்துவிட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. என் அப்பா தபால் பிரிக்கிற வேலை பார்த்தார், அந்தச் சம்பளத்தில் வீடு கட்டினார். நானும் ஒரே வேலையில் கிடந்து ஒரு வீடு வாங்கினேன். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எங்களைவிட அதிகம் படித்தார்கள், அதிகம் ஓடுகிறார்கள். அட்டைப்பெட்டிகளைத் தூக்கிப் போடாமல் மடித்துக் கட்டிலுக்கடியில் வைக்கிறார்கள், அடுத்த வீட்டுக்குப் போகும்போது வேண்டும் என்று.]

மூன்றாவது நிலைத்தது. இதோ:

படக்காரனுக்கு நாற்பத்தொரு வயது. வீடு விற்றுத் தரும் நிறுவனம் ஒன்றுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது அவன் பிழைப்பு. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் செய்யும் முதல் வேலை, அங்கே யார் இருக்கிறார்கள் என்பதை அழிப்பது. பல் துலக்கும் பிரஷ்கள் அலமாரிக்குள் போகும். மருந்து டப்பா மறையும். சுவரிலிருந்து குடும்பப் படம் இறங்கும். பட்டப்பகலிலும் எல்லா விளக்கும் எரியும். பிறகு ஒரு மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு அகல லென்ஸில் பார்ப்பான். கட்டிலைச் சுற்றி நடக்க இடமில்லாத அறைகூட மைதானமாகிவிடும். வாங்க வருகிறவர் அந்த அறையில் தன்னைக் குடிவைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு வேறு யாரும் அங்கே இருக்கக் கூடாது. இதில் அவன் கெட்டிக்காரன்.

ஒரு திங்கட்கிழமை, மறுநாள் எடுக்க வேண்டிய வீட்டின் முகவரி அவன் கைபேசிக்கு வந்தது. படித்தான். இன்னொரு முறை படித்தான். அது அவன் ஒன்பது வருஷமாக வாடகைக்கு இருக்கும் வீடு.

* இப்படியெல்லாம் நடக்குமா, வீட்டுக்காரர் முன்கூட்டியே சொல்ல மாட்டாரா என்று ஒரு நண்பர் கேட்டார். சொன்னார், கடிதம் போட்டு. கடிதம் மூன்று நாள் கழித்து வந்தது.

3

படக்காரனின் அம்மாவை எழுத வரவில்லை. முதல் பிரதியில் அவளை அழவைத்தேன், ஒட்டவில்லை. அவள் அழுகிற ஆள் இல்லை, துடைக்கிற ஆள்.

முப்பது வருஷம் சொந்த வீட்டில் இருந்தவள். கணவருடைய வைத்தியத்துக்காக அந்த வீடு போனது. பிறகு கணவரும் போனார். மகனோடு இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே எலுமிச்சைக் கன்று வாங்கி வந்தாள். தொட்டியில் வைக்கச் சொன்னான் மகன், காலி செய்யும்போது கூடவே எடுத்துப் போகலாமே என்று. "தொட்டியில வச்சா வேர் எங்கடா போகும்?" என்று மண்ணைத் தோண்டினாள். அவன் தன் கல்யாணத்தையும் 'ஒரு வீடு அமையட்டும்' என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தவன். அவனுக்கு அன்று சிரிப்பு வந்தது.

படம் எடுக்க வேண்டிய நாளுக்கு அவன் ஒரு திட்டம் வைத்திருந்தான். பின் அறைச் சுவரில் ஓதம் ஏறி, ஆள் உயரத்துக்கு ஒரு கறை இருந்தது. எத்தனையோ வீட்டுக் கறைகளைக் கதவுக்குப் பின்னால் ஒளித்தவன் அவன். இதை மட்டும் நட்டநடுவில், முழு வெளிச்சத்தில் எடுக்கப்போகிறான். பார்க்கிறவர்கள் தயங்குவார்கள். விற்பனை இழுபடும். ஆறு மாதமாவது கிடைக்கும்.

முக்காலியோடு அறைக்குள் போனால், அம்மா கையில் பிரஷ்ஷோடு நிற்கிறாள். காலையிலிருந்து தேய்த்துச் சுண்ணாம்பும் பூசியிருக்கிறாள். கறை இருந்த இடம் தெரியவில்லை.

"போயிடுச்சு பாரு," என்றாள்.

"ஏம்மா இதெல்லாம் செஞ்சே?"

"வீடு பார்க்க நாலு பேர் வரப்போறாங்க. பளிச்சுன்னு இருக்க வேணாமா?"

"நீ பளிச்சுன்னு வச்சா நாளைக்கே வித்துடும்மா."

"விக்கட்டுமே. வாங்கறவங்களுக்கும் குடியிருக்க ஆள் வேணும்ல? வீட்டை இப்படி வச்சிருக்கிறவங்கள யாராவது போகச் சொல்லுவாங்களா?"

அவன் வாயைத் திறந்தான். தான் படம் எடுத்த எத்தனையோ வீடுகளில், வீட்டை நன்றாக வைத்திருந்தவர்கள்தான் எல்லாரையும்விடச் சீக்கிரம் வெளியேறினார்கள் என்று சொல்ல—

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா," என்றான். தள்ளி நின்றாள். அவன் எடுத்தான். அது ஏழாவது படம்.

(அம்மாவின் கால் படத்தில் விழுந்ததை அவன் பார்த்தானா, பார்த்தும் அப்படியே விட்டானா? இந்த ஒரு விஷயத்தில் இரண்டு வாரம் மாட்டிக்கொண்டேன்.)

4

முடிவுகள்.

ஒன்று: அந்த வீட்டை யாரும் வாங்கவில்லை. மழைக்காலத்தில் கறை திரும்பி வந்தது. அம்மா அதைப் பார்த்து—

இல்லை. வாங்க ஆள் இருப்பது எனக்குத் தெரியும்.

இரண்டு: வாங்கியவர் நல்ல மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார், மரத்தைப் பார்த்தார், "நீங்களே இருங்கம்மா, இந்த வீட்டை வேற யாரு இப்படிப் பார்த்துக்குவாங்க" என்று—

இதை நாலு முறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் இதே இடத்தில் கை நின்றது. நல்ல மனிதர் என்று எழுதக் கூச்சமாக இருந்தது.

5

வாங்கப்போவது நான்.

எனக்கில்லை, என் மகளுக்கு. முப்பத்தைந்து வயது, மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. பதினொரு வருஷத்தில் ஆறு வீடு மாறிவிட்டாள். போன மாதம் போனில், "அப்பா, இங்கயும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. மழை வரும்போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னாள். அன்றுதான் விளம்பரங்களைப் பார்க்க உட்கார்ந்தேன்.

ஆகவே அந்த வீட்டுக்கு நேரிலேயே போனேன். அந்த அம்மாதான் கதவைத் திறந்தார். (கதையில் 'அவள்' என்று எழுதிவிட்டேன். நேரில் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.) அதே ரப்பர் செருப்பு. ஒவ்வோர் அறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பின் அறையில் சுவரைத் தொட்டு, "இங்க மட்டும் மழைக்காலத்துல லேசா ஓதம் வரும் தம்பி. நீங்க கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்குவேன்," என்றார்.

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

கிளம்பும்போது ஒரு பை நிறைய எலுமிச்சை கொடுத்தார். மகன் கேட் வரை வந்தார். வீட்டுப் படங்கள் எடுப்பதுதான் தன் வேலை, இதையும் தானே எடுத்ததாகச் சொன்னார்.

"உங்களுக்கா சார், இல்ல வாடகைக்கு விடவா?"

"இன்னும் முடிவு பண்ணல," என்றேன். பொய்.

பேச்சை மாற்றுவதற்காக, "அந்த ஏழாவது படத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார்," என்றார்.

அவ்வளவுதான். மற்றதெல்லாம், சுண்ணாம்பு, திட்டம், தள்ளிப்போன கல்யாணம், எல்லாம் நான் வீட்டில் உட்கார்ந்து ஜோடித்தது. கதையாக்கிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

6

வியாழக்கிழமை கையெழுத்து. படிவத்தில், வீட்டை எப்படி வாங்குகிறேன் என்பதற்கு இரண்டு கட்டங்கள் இருக்கின்றன: 'காலியாக', 'குடியிருப்பவர்களுடன்'. ஒன்றில் குறி போட வேண்டும்.

மகளுக்குப் படங்களை அனுப்பியிருந்தேன். "அந்தப் பின் ரூம்ல வெளிச்சம் நல்லா இருக்குப்பா. அங்க என் மேஜையைப் போட்டுக்குவேன்," என்றாள். ஏழாவது படத்தைத்தான் சொன்னாள். கால் அவள் கண்ணில் படவில்லை. நானும் சொல்லவில்லை. பல வருஷத்துக்குப் பிறகு அவள் குரலில் ஆசை கேட்டது, அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

[இங்கே மூன்றாவது முடிவு இருந்தது. கிழித்துவிட்டேன்.]

கடைசி வரியை நான் எழுதப்போவதில்லை. எப்படி எழுதினாலும் அதில் ஒரு பெண் பெட்டி கட்டுகிறாள். ஒரு முடிவில் என் மகள். இன்னொன்றில், நான் பார்த்துக்குவேன் என்று என்னிடம் சொன்னவர்.

படிவம் மேஜைமேல் இருக்கிறது. பக்கத்தில் அந்த எலுமிச்சைகள், இன்னும் ஒன்றைக்கூட நறுக்கவில்லை. உங்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள், அம்மா இருப்பார். பேனாவை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.