கேட்பவனின் முகம்

பகலெல்லாம் அவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கணினியின் முன்னால் உட்கார்ந்துவிடுவான். இரண்டு வருடங்களாக அவனும் மனைவியும் சேர்ந்து ஒரு சாகச விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார்கள். ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள்களைப் பூட்டி வைக்கும் அறை, அதில் ஒரு குமாஸ்தா. குடை, பல் செட், பெட்டி என்று எதையாவது தேடி ஆட்கள் வருவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல குமாஸ்தா கேட்க வேண்டும். அடிதடி கிடையாது, ஓட்டம் கிடையாது, முழுக்கப் பேச்சுதான். பேச்சை அவன் எழுதினான். மருந்துப் பெட்டிகளுக்கு லேபிள் வரையும் வேலை பார்க்கும் அவள், ஆட்களின் முகங்களை வரைந்தாள்.

விளையாட்டு செய்யும் மென்பொருளோடு வந்த உரையாடல் திரை சோப்பு டப்பா மாதிரி இருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அவனே ஒன்று கட்டினான். கீழே கறுப்புப் பெட்டி. இடப்பக்கம் பேசுகிறவரின் முகம். எழுத்துகள் ஒவ்வொன்றாக, யோசித்து யோசித்து விழுவதுபோல் விழும். அது முதல்முறை ஓடியபோது அவள் அவன் தோளில் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அவன் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் ஒட்டகம் வந்தான். அவளுடைய அத்தை மகன். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நிலைவாசலில் குனியாமல் நுழைய முடியாத உயரம், அதனால் வீட்டில் அந்தப் பெயர். வேலை மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வர ஆரம்பித்தான். வந்தவன் சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. பேசுறவன் மூஞ்சி மட்டும் தெரியுது. கேக்குறவன் எங்கே போனான், டீ குடிக்கவா?"

அவள் குபுக்கென்று சிரித்துவிட்டாள். "டேய், அவரு கண்ணு வலிக்க வலிக்க உக்காந்து பண்ணது அது" என்று உடனே தாங்கியும் பேசினாள். ஆனால் சிரித்த பிறகுதான் தாங்கினாள்.

மறு ஞாயிறு ஒட்டகம் தானே ஒரு திரையைக் கட்டி எடுத்து வந்தான். அதில் இருவர் முகங்களும் எதிரெதிரே பெரிதாக இருந்தன. ஒருவர் பேசும்போதே மற்றவர் புருவம் தூக்கினார், உதட்டைப் பிதுக்கினார், கண்ணைத் தாழ்த்தினார். நன்றாக இருந்தது. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

அவனுடைய திரைக்கு ஆளுக்கு நாலு முகம் வரைந்திருந்தாள். ஒட்டகத்தின் திரைக்குக் குமாஸ்தாவுக்கு மட்டும் பதினாறு வரைந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வேறு. 'அட', 'அப்படியா', 'போச்சுடா', 'நம்பிட்டேன்', 'உம்மணாமூஞ்சி'. அவள் வரைவதற்காக ஒட்டகம் எதிரே உட்கார்ந்து விதவிதமாக மூஞ்சியைக் கோணிக் காட்டினான்.

"இன்னும் கொஞ்சம் தூக்குடா புருவத்தை. எருமை, சிரிக்காதே!"

"நீதான் சிரிக்க வைக்கிறே!"

சமையலறையில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தவன் கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினான். கல்யாணமான நாளிலிருந்து தன்னிடம் 'நீங்க', 'வாங்க'தான். ஒட்டகத்திடம் 'வாடா', 'போடா', 'எருமை'. மரியாதை இவ்வளவு தள்ளி நிறுத்தும் என்று அவனுக்கு அன்றுவரை தெரியாது. ஒரு தடவை தன்னை அவள் எருமை என்றால் தேவலை என்றிருந்தது.

கற்றுக்குட்டிகள் செய்யும் விளையாட்டுகளுக்கு ஒரு போட்டி அறிவித்திருந்தார்கள். அதற்கு ஒரு திரையோடுதான் அனுப்ப முடியும். அவளுடைய அக்கா இரண்டையும் விளையாடிப் பார்த்துச் சொல்லட்டும், அவள் கை காட்டுவதே போகட்டும் என்று மூவரும் பேசி முடித்தார்கள். ஒட்டகத்தின் திரை ஓட வேண்டுமானால் ஒவ்வொரு வரிக்கும் கேட்பவனின் முகம் எது என்று குறிக்க வேண்டும். வரிகள் அவன் எழுதியவை. ஆகவே அந்த வேலையும் அவன் தலையில் விழுந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து குறித்தான். நேர்மையாகத்தான் செய்கிறோம் என்று நினைத்தான்.

ஞாயிறு மத்தியானம் அக்கா வந்து நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதலில் அவனுடைய திரை. "நல்லா இருக்கு மாப்பிள்ளை. சத்தம் சந்தடி இல்லாம இருக்கு" என்றாள். அடுத்தது ஒட்டகத்தினுடையது.

திரையில் ஒரு கிழவி செத்துப்போன புருஷனின் குடையைத் தேடி வந்தாள். குமாஸ்தா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஒரு சின்னப் பெண் தொலைந்த பொம்மை கிடைத்த சந்தோஷத்தில் நன்றி சொன்னாள். அதற்கும் அதே முகம்.

"ஏன்டா ஒட்டகம், இந்த ஆளுக்கு யாரு என்ன சொன்னாலும் புடிக்காதா?" என்றாள் அக்கா. "பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கிட்டு நேரா ஆபீசுக்கு வந்துட்டான் போல. எனக்கு மொதல்ல பாத்ததே போதும்பா."

ஒட்டகத்தின் முகம் தொங்கிப்போனது. "சரிண்ணே, உங்களுதே போகட்டும். நான் என்னமோ நெனச்சேன், சரியா வரல" என்று பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். அக்கா பேத்தியைக் குளிப்பாட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அவனுக்கு முன்னால் இறங்கிவிட்டாள்.

ஜெயித்தாயிற்று. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. திரும்பிப் பார்த்தான். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்த பதினஞ்சு மூஞ்சியும் எங்கே?"

அவள் வரிகளை ஓடவிட்டாள். மேலிருந்து கீழ்வரை உம்மணாமூஞ்சி. அவனுக்கே திக்கென்றது.

"வேணும்னே பண்ணீங்களா?"

"இல்ல."

"அப்புறம்?"

வெளியே ஒட்டகம் ஷூவுக்குள் காலை நுழைக்கும் சத்தம் கேட்டது. குறித்த ஒவ்வொரு வரியிலும் அவன், இதைக் கேட்கிறவன் எப்படி இருப்பான் என்று தனக்குள்தான் பார்த்திருந்தான். உள்ளே இருந்த முகத்தை எடுத்து வைத்திருந்தான்.

"கேக்குறப்போ எனக்கு அப்படித்தான் இருந்துச்சு" என்றான் கடைசியில்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. இப்படியே விட்டால் அவள் யாரிடமும் சொல்லமாட்டாள், தன் திரையே போட்டிக்குப் போகும் என்பது அவனுக்குத் தெரிந்தது. ஆனால் இந்த மௌனம் தோளில் கை வைத்த மௌனம் இல்லை. இதை எங்கே வைத்துக்கொள்வது?

வாசலுக்குப் போனான். "டேய், இரு. உன் திரையில ஒரு தப்பும் இல்ல. மூஞ்சியெல்லாம் தப்பாப் போட்டது நான்."

ஒட்டகம் நிமிர்ந்து நிலையில் தலையை இடித்துக்கொண்டான். "அட, அவ்வளவுதானா? ஒரு மணி நேரத்துல மாத்திடலாம்ணே. நானும் அவளும் உக்காந்தா..."

"நீ வேணாம்."

மண்டையைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"உன் திரைதான் போகும். அது நல்லா இருக்கு" என்றான் அவன். "ஆனா மூஞ்சி போடுறது நானும் அவளும். முடிச்சுட்டுக் கூப்பிடுறேன், அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராதே."

"ஜெயிச்சவனை வெளிய தள்ளிக் கதவைச் சாத்துறீங்களே!"

"ஆமா."

ஒட்டகம் அவனைப் பார்த்தான், உள்ளே அவளைப் பார்த்தான். என்ன புரிந்ததோ, சிரிக்காமல் படியிறங்கினான்.

அவன் உள்ளே வந்தபோது பக்கத்தில் இன்னொரு நாற்காலி இழுத்துப் போட்டிருந்தது. கிழவியின் முதல் வரியை அவள் உரக்கப் படித்தாள். படித்துவிட்டுத் திரையைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இப்போ எது?"

அவன் உள்ளே தேடிப் பார்த்தான். பொய் சொல்ல மனம் வரவில்லை. "இன்னும் அதேதான்."

"தெரியுது" என்றாள். "அடுத்த வரியைப் பாப்போம்."