ஜோடி வண்டி

மூன்றாவது தடவைதான் அவளுக்கு லைசென்ஸ் கிடைத்தது. முதல் தடவை, வண்டியைப் பின்னால் எடுக்குமுன் கீழே இறங்கி ஒரு சுற்றுப் பார்க்கவில்லை என்று தோற்றாள். இரண்டாவது தடவை இறங்கிப் பார்த்தாள்; பார்த்ததை வாய்விட்டுச் சொல்லவில்லை என்று தோற்றாள். "பின்னால் ஆள் இல்லை, மேலே கம்பி இல்லை, டயர் சரி" என்று வெறும் காற்றிடம் உரக்கச் சொல்லிக்கொண்டே பதினெட்டுச் சக்கர வண்டியைச் சுற்றி வரவேண்டும் என்பது அந்த நாட்டு விதி. அதற்கு முன் சொந்த நாட்டில் ஒன்பது வருஷம் டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள்.

"எத்தன பேர நான் திட்டியிருப்பேன். எல்லாரு சாபமும் மொத்தமா வந்து பலிக்குது" என்று ஹாஸ்டலில் இருந்த மகளிடம் போனில் சொன்னாள். மகள் சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பதற்குக்கூடத் தெம்பு இல்லை.

புருஷன் அங்கே போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. அந்த நான்கு வருஷமும் அவர்கள் குடித்தனம் போனில்தான் நடந்தது. மூன்று வருஷம் கழிந்த பிறகு திடீரென்று ஒரு நாள், "நீயும் வந்து லைசென்ஸ் எடேன். புருஷன் பொண்டாட்டியா ஓட்டுனா கம்பெனியில நீள ரூட்டு குடுக்கிறாங்க. ஒருத்தர் தூங்க ஒருத்தர் ஓட்டலாம்" என்றார். முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். அவர் விடவில்லை. வாரம் தவறாமல் கேட்டார். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "லாரி ஓட்டப் போறீங்களா அண்ணி? கிளீனருக்கு யாரு, எங்கண்ணனா?"

நாற்பத்தொரு வயதில், ஒரு மனுஷன் அவள் இல்லாமல் இருக்க முடியாமல் தவிக்கிறான் என்ற நினைப்பு அவளுக்குள் ஒரு கூச்சத்தை உண்டாக்கியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கிளம்பிவிட்டாள்.

வந்து பார்த்தால், சேர்ந்து இருப்பது என்பது இப்படி இருந்தது: முன்னால் இரண்டு சீட், பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஒரு ஆள் படுக்கும் அகலத்தில் ஒரு படுக்கை. காலை எட்டு மணியிலிருந்து மத்தியானம் மூன்று மணி வரை அவர் ஓட்டுவார். அப்போது அவள் தூங்குவாள். பிறகு அவள். சாயங்காலமும் இருட்டும் எப்போதும் அவள் பங்குதான். "ராத்திரி ஓட்டிப் பழகினாத்தான் கை திருந்தும்" என்று அவர் சொல்லிவிட்டார். மாற்றிக்கொள்ளும்போது பத்து நிமிஷம் சேர்ந்து நிற்பார்கள். பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பார். அவர் எழுந்துபோன சீட்டின் சூடு அவள் முதுகில் கொஞ்ச நேரம் இருக்கும். நான்கு வருஷம் கடல் நடுவில் இருந்தது; இப்போது ஒரு திரை. அவ்வளவுதான் வித்தியாசம்.

"அப்பா எங்கம்மா?" என்று மகள் கேட்பாள்.

"பின்னாடி, டெலிவரி பண்ண மறந்த பார்சல் மாதிரி கெடக்குறாரு."

தூக்கம் என்றாலும் அது தூக்கமில்லை. ஓடுகிற வண்டியில் உடம்பு தூங்கும், காது தூங்காது. எந்த கியர், என்ன வேகம், மழையா வெயிலா என்பதெல்லாம் கண்ணை மூடியபடியே தெரியும். ஆறு மாதத்தில் அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது. கணுக்கால் வீங்கியது. இன்றைக்கு என்ன கிழமை என்பதை இறக்கவேண்டிய சரக்கின் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அவரிடம் சில மாற்றங்கள் இருந்தன. டீயை அடிக்கடி டம்ளருக்கு வெளியே ஊற்றினார். வண்டியிலிருந்து இறங்கும்போது படியைக் காலால் தடவிப் பார்த்து இறங்கினார். கடைக்குள் போனால் பக்கத்தில் வருகிறவர்கள் மேல் இடித்துக்கொண்டார். "பார்த்து வரக் கூடாதா?" என்று அவள் கேட்டால், "அவனுங்க பார்த்து வரட்டும்" என்பார். இத்தனை வருஷத்தில் திமிர் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். வேறு எதையும் நினைக்க நேரமும் இல்லை.

அன்றைக்குக் காலையில் அவருக்குத் தலைவலி. "இன்னைக்கு மட்டும் நீ மொதல்ல எடு" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். அவள் எடுத்தாள். மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தது. ஒரு பாலத்தில் இரண்டு வண்டிகள் மோதி, மூன்று மணி நேரம் அப்படியே நின்றார்கள். ஓட்டும் நேரத்தை எண்ணும் கருவி அவள் பெயரில் ஓடிக்கொண்டே இருந்தது. பாலம் தாண்டியபோது அவளுக்கு அன்றைக்கு அனுமதித்த நேரம் தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு நிமிஷம் ஓட்டினாலும் கருவி காட்டிக்கொடுத்துவிடும். லாரி நிறுத்த அடுத்த இடம் நாற்பது நிமிஷத் தூரத்தில். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"நாப்பது நிமிஷந்தான? நான் எடுக்குறேன்" என்றார் அவர். குரல் கொஞ்சம் பிசிறியதை அவள் களைப்பில் கவனிக்கவில்லை. போய்ப் படுத்தாள்.

கண் அசந்திருக்கும். தடம் மாறுகிற டிரைவரை உலுக்கி எழுப்பச் சாலை ஓரத்தில் வெட்டியிருக்கும் வரிகளில் டயர் ஏறி, கரகரவென்று வண்டியே அதிர்ந்தது. அதிர்வு நின்றது. மறுபடி அதிர்ந்தது. அவள் திரையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவர் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து, கண்ணாடியில் மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்து ஓட்டிக்கொண்டிருந்தார். முன்னால், டிரைவருக்கு அடுத்த சீட்டு இருக்கும் பக்கத்து ஓரத்தில், சாலை வேலைக்காரன் ஒருவன் மஞ்சள் கோட்டு போட்டுக் கையில் சிவப்பு விளக்கோடு நின்றான். விளக்கை ஆட்டினான். இன்னும் வேகமாக ஆட்டினான்.

"ஏங்க!" என்று அலறி ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாள். அந்த ஆள் பள்ளத்துக்குள் பாய்ந்தான். அவன் நின்ற இடத்தை டிரெய்லர் உரசிக்கொண்டு போனது. ஓரக் கண்ணாடியில் பார்த்தாள். அவன் எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்து என்னவோ கத்திக்கொண்டிருந்தான். உயிரோடு இருந்தான்.

"ஏன்டி இப்படிக் கத்துற? என்ன ஆச்சு?" என்றார் அவர்.

ஆளை இடிக்கப் போனதைவிட, அந்தக் கேள்விதான் அவளை நடுங்க வைத்தது. அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

"மெதுவா விடுங்க. நேரா போங்க. நான் சொல்றேன்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து, டிரைவிங் ஸ்கூலில் முதல் நாள் வந்த பெண்ணிடம் சொல்வதுபோல, ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி வண்டியை நிறுத்துமிடத்துக்குக் கொண்டு வந்து சேர்த்தாள். இன்ஜினை அணைத்ததும் மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

"நேரா கண்ணாடியப் பாருங்க. தலையத் திருப்பாதீங்க."

"என்ன, பாடம் எடுக்கப் போறியா?"

"பாருங்கன்னா பாருங்க."

அவள் கையை நீட்டி, அவர் கன்னத்துக்குச் சற்று முன்னால், பக்கவாட்டில் இரண்டு விரலைக் காட்டினாள்.

"எத்தன விரல்?"

"நீ இன்னும் கையத் தூக்கவே இல்லியே."

"தூக்கித்தான் இருக்கேன்."

அவள் கையை மெதுவாக முன்னால் நகர்த்தினாள். ஏறக்குறைய மூக்குக்கு நேரே வந்த பிறகுதான், "ரெண்டு" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எப்பலேருந்து?"

சீட்டுக்கு அடியில் ஸ்பேனர் போடும் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த சொட்டு மருந்துக் குப்பியை எடுத்துக் காட்டினார். "ரெண்டு வருஷம் ஆகப்போகுது. கண்ணுக்குள்ள அழுத்தமாம். ஓரத்துலேருந்து கொஞ்சங் கொஞ்சமாப் போகுமாம். நடுவுல நல்லாத் தெரியுது. போர்டெல்லாம் படிக்கிறேன். பகல்ல ஒரு பிரச்சனையும் இல்ல. சாயங்காலம் ஆனாத்தான் மங்குது."

"டாக்டர் வண்டி ஓட்டக் கூடாதுன்னு சொல்லலையா?"

"நான் டிரைவர்னு அவர்கிட்ட சொல்லல."

"வேற என்னன்னு சொன்னீங்க?"

"சமையல்காரன்னு."

வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். வெந்நீர் வைத்தால்கூடத் தீய்த்துவிடுகிற மனுஷன். இப்போது அவள் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள். கண் போக ஆரம்பித்து இரண்டு வருஷம். அவளைக் கூப்பிட ஆரம்பித்து ஒன்றரை வருஷம்.

"அப்ப என்னை வரச் சொன்னது இதுக்குத்தானா? சாயங்காலத்துக்கு ஒரு ஆள் வேணும்னு?"

"அப்படிச் சொல்லாத."

"வேற எப்படிச் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

அவர் குப்பியை உருட்டிக்கொண்டே இருந்தார். "நீ வரணும்னு ஆசையும் இருந்துச்சு. ரெண்டுந்தான்."

அந்த 'ரெண்டுந்தான்' அவளுக்கு இறங்கவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள்; கொட்டாவிதான் வந்தது. அவ்வளவு அசதி.

"அடுத்த மெடிக்கல் செக்கப்புக்கு அஞ்சு மாசம் இருக்கு" என்றார். "அதுவரைக்கும் பகல்ல மட்டும் ஓட்டுறேன். எல்லாத்தையும் நீ பார்த்துக்கிட்டே இரு. இந்த வேலைய விட்டா நான் என்னங்க பண்ணுவேன்?" கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் அவளிடம் 'என்னங்க' என்று மரியாதை போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. சொன்னது அவருக்கே தெரியவில்லை.

"பகல்லயும் அந்த ஆளு ஓரத்துலதான நிப்பான்?" என்றாள் அவள். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்குள்ள ஆபீசுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லிருங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

படுக்கையில் அவரைப் படுக்கச் சொல்லிவிட்டுச் சீட்டிலேயே சாய்ந்து தூங்கினாள். வண்டி ஓடாமல் நின்றிருந்ததால் ஆறு மாதத்தில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கினாள். அதற்காகப் பிறகு வெட்கப்பட்டாள்.

காலையில் அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஏழரை. ஏழே முக்கால். எட்டுக்கு ஏறி வந்து போனை அவள் மடியில் வைத்தார். "எனக்கு வாய் வரல. நீயே சொல்லிரு."

வண்டிகளை அனுப்பும் ஆபீசில் இருந்தவர் தமிழ்க்காரர். எதைச் சொன்னாலும் முதலில் மணி கேட்பார் என்பதால் டிரைவர்கள் அவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் முழுக்கச் சொல்லி முடித்ததும், "சரக்கு எத்தன மணிக்குப் போய்ச் சேரும்?" என்றுதான் அவரும் கேட்டார். பிறகுதான் மற்றது அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"இப்ப யாரு ஓட்டுறது?"

"நான்தான். ராத்திரி முழுக்க நின்னதுல என் நேரம் திரும்ப வந்துருச்சு."

"அவரு இனிமே அந்த சீட்டுல உக்காரக் கூடாது. சும்மாகூட உக்காரக் கூடாது."

"சரிங்க."

"அந்த ரோடு வேலைக்காரன்…"

"பள்ளத்துல குதிச்சிட்டான். எந்திரிச்சு நின்னதப் பாத்தேன்."

"நல்லவேளைம்மா" என்றார் கடிகாரம். போனை வைத்துவிட்டார்.

அன்று முழுக்க அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தார். திரைக்குப் பின்னால் போகவில்லை. கை மட்டும் தானாக மடியில் கியர் மாற்றிக்கொண்டிருந்தது. அவள் பார்க்காததுபோல ஓட்டினாள்.

லைசென்ஸ் ரத்தானது. கம்பெனி அவரைக் கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலையில் போட்டது. கண்ணுக்கு நேரே இருப்பதைப் பார்த்தால் போதும் என்ற வேலை. கிடங்குக்கு வருகிற டிரைவர்களெல்லாம் தெரிந்தவர்கள். "பொண்டாட்டியே போட்டுக்குடுத்துட்டாளாமே" என்று ஒருவன் கேட்டதாக அவரே அவளிடம் சொன்னார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன்."

ஜோடி இல்லாததால் அவளுக்குத் தனி வண்டி கொடுத்தார்கள். பன்னிரண்டு நாள் ரோட்டில், இரண்டு நாள் வீட்டில். வீடு என்றால் மூன்றாவது மாடியில் ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். அவர் சமைக்கக் கற்றுக்கொண்டார். முதல் மாதம் தின்ன முடியவில்லை. "டாக்டர்கிட்ட பொய் சொன்னதுக்குத் தண்டன எனக்கா?" என்று அவள் கேட்டபோது, ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சிரித்தார். ஆனால் கோபம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அவருக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. இரண்டு நாளில் எவ்வளவுதான் தீர்க்க முடியும்? அதில் ஒரு நாள் தூக்கத்திலேயே போய்விடும்.

மூன்றாவது மாதம், அவள் வீட்டில் இருந்த ஒரு நாளில் கண் ஆஸ்பத்திரிக்கு நாள் கொடுத்திருந்தார்கள். பதினோரு மணி நேரம் ஓட்டிவிட்டு விடிகாலையில் வந்து சேர்ந்தவள், முகம் மட்டும் கழுவிக்கொண்டு கூடவே கிளம்பினாள். "நீ படு. நான் பஸ்ஸுல போயிட்டு வந்துருவேன்" என்றார். "டாக்டர்கிட்ட இந்தத் தடவை என்ன வேலைன்னு சொல்றீங்கன்னு நான் பார்க்கணும்" என்றாள்.

பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். வேறு யாரோ ஓட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்து வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் உட்காரச் சொன்னார்கள். முப்பத்தேழு. சுவரில் இருபத்தொன்று என்று எரிந்துகொண்டிருந்தது. இருபத்து மூன்று வரைக்கும் அவள் பார்த்தாள். பிறகு தலை சாய்ந்து அவர் தோளில் விழுந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. எதிரே உட்கார்ந்திருந்த பெண் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவள் முகம் அவருக்குப் பக்கவாட்டில் இருந்தது, தெரியவில்லை. மூச்சு மட்டும் கழுத்தில் பட்டது. தலையைத் திருப்பினால் பார்க்கலாம். திருப்பினால் எழுந்துவிடுவாள்.

முப்பத்தேழு எரிந்தது. நர்ஸ் கதவைத் திறந்து எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டபோது டோக்கனைக் கொஞ்சமாகத் தூக்கிக் காட்டினார். தனக்குத் தெரிந்த அரைகுறை அந்நிய பாஷையில், சத்தம் வராமல் சொன்னார்:

"அடுத்தவங்களை அனுப்புங்க. நாங்க அப்புறம் வர்றோம்."