ஆளுக்கோர் அத்தியாயம்

சமையலறை மேசையில் பழைய பேப்பரை விரித்து, நாவலைக் குப்புறப் போட்டு, அதன் முதுகுத் தையலை ஜெஸ்மின் பிளேடால் அறுத்தாள். அவளுக்கே அது வியப்பாக இருந்தது. கண்டியை அடுத்த அம்பிட்டிய ஏற்றத்தில் வாடகைக்கு எடுத்த இரண்டறை வீட்டில் புத்தகங்களைத் தவிர வேறு யாரோடும் அவள் குடித்தனம் நடத்தியதில்லை. ஊர் தெல்தோட்டை. அங்கே இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கொழும்புக்கும் கல்லறைக்கும் போய்விட்டார்கள். ஐம்பதைத் தாண்டியவளிடம் ஏன் தனியாக இருக்கிறாய் என்று கேட்பதை உலகமும் நிறுத்தியிருந்தது. அப்படிப்பட்டவள் தன் புத்தகமொன்றைத் தானே வெட்டிப் பிரிப்பாள் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டாள்.

ஆனால் வேறு வழி தெரியவில்லை. அவள் இலக்கியம் படிப்பிக்கும் வகுப்பின் பாடத்திட்டத்தில் அந்த நாவல் இருந்தது, கடைகளில் இல்லை. போட்டோகொப்பி எடுக்கலாமென்றால் கடதாசி விற்ற விலைக்குப் பிள்ளைகளிடம் வாய் திறக்க முடியவில்லை. அவர்களிடம் இருந்ததெல்லாம் டியூஷன் வகுப்பில் கொடுத்த குறிப்புத்தான். கதைச் சுருக்கம், பாத்திரங்களின் பண்பு, வரக்கூடிய கேள்விகள். நாவலைக் கண்ணால் காணாமலே அதற்கு நல்ல புள்ளி எடுக்கலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஜெஸ்மினுக்கு அது பொறுக்கவில்லை. அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பிரவுன் பேப்பர் உறை போட்டு, ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டாள். ஒரு கிழமை வைத்திருக்கலாம். வெள்ளிக்கிழமை கைமாற்ற வேண்டும்.

அதனால் வகுப்பில் நடந்தது அவளும் எதிர்பாராதது. ஒரே கதைக்குள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் நின்றார்கள்.

“என்ட துண்டுல சந்தனம் மௌத்தாகிட்டாரு,” என்பாள் ஷஹ்மா, கதையில் அவர் சாகும் பக்கத்தைக் காட்டி.

“சும்மா இரு. என்கிட்ட அவரு இப்பத்தான் பொண்ணு பாக்கக் கெளம்புறாரு,” என்பான் திலக்ஷன்.

“போகட்டும், போகட்டும். அந்தப் பொண்ண எனக்குத் தெரியும். சரியான வாய்க்காரி.”

வகுப்பே குலுங்கும். சிரிக்காமல் இருப்பவள் ஸஹ்ரா மட்டும்தான். யன்னல் பக்கத்துக் கதிரையில் பேனை மூடியைக் கடித்தபடி இருப்பாள். ஒருநாள் மணி அடித்தபிறகு மேசையருகே வந்து நின்றாள்.

“டீச்சர், மரகதம் ஏன் ஒரு வீட்டுலயும் தண்ணி கேக்கிறா இல்ல? எவ்வளவு தூரம் நடந்து வந்தாலும் கேக்கிறா இல்லயே.”

அந்த நாவலை எத்தனையோ முறை வாசித்தவளுக்கு இது கண்ணில் பட்டதே இல்லை. அன்று மாலை ஜெஸ்மின் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது அந்தக் கேள்வியும் எதிரே வந்து உட்கார்ந்தது. வீட்டுக்கு விருந்தாளி வந்ததைப்போல இருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளியும் ஸஹ்ரா ஏதாவது கேட்டுவிட்டுப் போவாள். சனியும் ஞாயிறும் ஜெஸ்மின் அதற்குப் பதில் யோசிப்பாள். சில நேரம் வாய்விட்டே யோசிப்பாள்.

தவணை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது யன்னல் பக்கக் கதிரை காலியாக இருந்தது. ஸஹ்ராவை இன்டர்நெஷனல் ஸ்கூலில் சேர்த்துவிட்டார்களாம். இனி எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே என்று நினைத்தவள், சொல்வதற்குத் தான் யார் என்றும் நினைத்தாள். கடைசிக்கு முந்திய அத்தியாயம் ஸஹ்ராவிடம் இருந்தது.

“அது இல்லாம எப்புடி டீச்சர்? சந்தனத்த யாரு பொதைக்கிறது?” என்றான் திலக்ஷன்.

“நான் போய் வாங்கிட்டு வாறேன்,” என்றாள் ஜெஸ்மின், கொஞ்சம் அவசரமாகவே.

சனிக்கிழமை கண்டிக்கு இறங்கி, அங்கிருந்து திகன பஸ் ஏறினாள். மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, கேட்க வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்தாள். ‘புள்ள எந்த ஸ்கூல்ல படிச்சாலும் பரவாயில்ல. இலக்கியத்த மட்டும் விட வேணாம். சனிக்கிழமையில என் வீட்டுக்கு அனுப்புங்க, நான் சொல்லிக் குடுக்குறேன்.’ அவ்வளவுதான். அதற்காகத்தான் போகிறாள். அத்தியாயம் ஒரு சாட்டு, சொல்லிக்கொள்ள ஒரு காரணம். சாட்டு இல்லாமல் யார் வீட்டு வாசலிலும் நின்று அவளுக்குப் பழக்கமில்லை.

ஸஹ்ராவின் வாப்பா றவூபுக்குத் திகனயில் ஹார்ட்வெயார் கடை, வீடு பின்னால். டீச்சரைக் கண்டதும் அவர் பதறிப்போய் எழுந்தார். உம்மா ஹபீலா உள்ளேயிருந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்தாள்.

“வாங்க டீச்சர், இரிங்க. என்ன, மகள் ஏதும் குழப்படி செஞ்சீக்கிறாவா?”

“சீச்சீ, அப்புடியெல்லாம் இல்லங்க.” ஜெஸ்மின் கதிரை நுனியில் உட்கார்ந்தாள். “ஒரு அத்தியாயம் ஸஹ்ராகிட்ட இருக்கு. மத்தப் புள்ளைகளுக்கு வேணும். அதான் வந்தேன்.”

சொன்னதும் இரண்டு முகங்களும் தெளிந்தன. அந்தத் தெளிவைக் கண்டபிறகுதான் செய்த பிழை அவளுக்கு விளங்கியது. கேட்டுவிட்டாள். கேட்டதைக் கொடுக்கப்போகிறார்கள்.

“இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? ஒரு கோல் எடுத்தீந்தா நானே கொண்டு வந்து தந்தீப்பேனே,” என்றார் றவூப். “ஸஹ்ரா, டீச்சர்ட கடதாசிய எடுத்துக்கொண்டு வாங்க மகள்.”

பிரவுன் உறைக்கு மேல் பிளாஸ்டிக் உறையும் போட்டு, ஒரு மூலை மடியாமல் வைத்திருந்தாள் ஸஹ்ரா. இரண்டு கையாலும் நீட்டினாள். ஜெஸ்மின் வாங்கிக் கைப்பையில் வைத்தாள். தேத்தண்ணி வந்தது, பட்டர் கேக் வந்தது. சொல்லிப் பார்த்திருந்த வார்த்தைகள் நாக்கின் அடியிலேயே கிடந்தன.

“டீச்சர் மனசுல ஒண்டும் வெச்சுக்கொள்ள வேணாம்,” என்றார் றவூப், கேட்காமலே. “எனக்குத் தமிழ் மட்டும்தான். பேங்குக்குப் போனா போர்ம் நெரப்ப ஆள் தேட வேண்டிக் கெடக்கு. புள்ளைக்கு அந்த நெலம வேணாம்.”

“சரிதாங்க,” என்றாள் ஜெஸ்மின். சரிதானே. அதில் பிழை சொல்ல அவளால் முடியவில்லை.

“இவ ராவெல்லாம் அந்தக் கதையப் பத்தித்தான் பேச்சு,” என்றாள் ஹபீலா சிரித்துக்கொண்டு. “இனி இங்கிலீஸ் ஹோம்வர்க் செய்யவே நேரம் காணா.”

கோப்பையைக் கீழே வைத்தபிறகு அங்கே இருப்பதற்குக் காரணம் ஒன்றும் மிச்சமில்லை. கேட் வரைக்கும் ஸஹ்ரா கூட வந்தாள். சனிக்கிழமை ஆங்கில வகுப்புக்கு அவளும் புறப்பட்டுத்தான் இருந்தாள். தோளில் புதுப் பை.

“டீச்சர், எனக்கு முதலாவது அத்தியாயம் மட்டும் கெடைக்கவே இல்ல. மத்ததெல்லாம் வாசிச்சிட்டேன். மரகதம் எங்கேர்ந்து வந்தாண்டு தெரியாமலே முடிஞ்சிட்டுது.”

ஜெஸ்மின் நின்றாள். ‘அப்படியென்றால் வீட்டுக்கு வந்து வாசி’ என்று சொல்லலாம். ஒரு சனிக்கிழமையாவது வருவாள். யோசித்துவைத்த பதில்களையெல்லாம் அன்றைக்குச் சொல்லலாம். வாய்வரை வந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். கதையின் தொடக்கத்தைத் தவிர வேறெதையும் அது கேட்கவில்லை. இதை ஒளித்துவைத்துக்கொண்டு அவளை வரவழைப்பது பசித்தவளுக்குச் சோற்றைக் காட்டிக் காட்டி நடக்கவைப்பதைப் போலிருக்கும்.

“பெரிசா ஒண்ணுமில்ல,” என்று தொடங்கினாள். “மழ நேரம். கடைசி பஸ். ஒருத்தி கைக்கொழந்தையோட எறங்குறா. எறங்கின எடம் அவ சொன்ன எடமில்ல. கண்டக்டர் பிழையா எறக்கிவிட்டுட்டான். பஸ் போயிருச்சு…”

தெருவில் வேன் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. ஸஹ்ரா அசையவில்லை. மறுபடியும் அடித்தது. வீட்டுக்குள்ளிருந்து ஹபீலா, “மகள், வேன்,” என்று குரல் கொடுத்தாள்.

ஓடிப்போய் ஏறினாள். கதவு இழுபட்டது. கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு முகம் வெளியே வந்தது.

“பஸ் போயிருச்சு, அங்கால?”

வேன் வளைவில் திரும்பியது. ஜெஸ்மின் கொஞ்ச நேரம் கேட் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பிறகு சந்தியை நோக்கி நடந்தாள். மேற்கே மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. பஸ் நிறுத்தத்து வாங்குப்பலகையில் ஒரு பெண் பட்டர்ஃபுரூட் பையொன்றைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெஸ்மின் மறுகோடியில் உட்கார்ந்தாள். தூறல் தகரக் கூரையில் விழத் தொடங்கியது.

“அங்கால,” என்றாள் மெல்ல, “ரோட்டுல ஒரு வெளிச்சமும் இல்ல. கொழந்த முழிச்சிருச்சு. இவ அதுகிட்ட எடத்தோட பேரச் சொல்றா, தனக்கே தெரியாத எடம், ஆனா சொந்த ஊரு மாதிரி ஒரு பேரு வெச்சுச் சொல்றா…”

பக்கத்திலிருந்த பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஃபோனில் பேசுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கேட்காதவளைப்போல, மரியாதையாக முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.